ஹாஜியாரின் அம்பர் எந்தக் கடலுடையது

எங்கள் திணைக்களத்துக்கு இப்போது ஒரு பெட்டி வந்திருக்கிறது. கல்லாய் இறுகிய மரப்பிசினான அம்பரில் ஒரு துண்டைச் சுரண்டி, அரிசிமணியில் பாதியளவு தூளை உள்ளே வைத்தால், ஒளியைப் பாய்ச்சித் தாளில் ஒரு கோடு கீறித் தருகிறது. கோட்டில் தோள்பட்டை போல ஒரு மேடு தெரிந்தால் அது பால்டிக் கடற்கரை அம்பர். தெரியாவிட்டால் வேறு ஊர். பெட்டியை இயக்கும் பிள்ளைகள் மூன்று பேர் போன மாதம் வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தார்கள்.

“சேர், இந்த மெஷின் இல்லாத காலத்தில நீங்கள் எப்பிடிச் சேர் கண்டுபிடிச்சனீங்கள்?” என்று ஒருவர் கேட்டார்.

“பிழையாய்” என்றேன்.

மூவரும் மரியாதைக்குச் சிரித்தார்கள். ஓய்வுபெற்றவன் உண்மையைச் சொன்னால் அதை அடக்கம் என்று எடுத்துக்கொள்ளுகிறார்கள். போகும்போது, திணைக்கள மலருக்கு இதை எழுதித் தரும்படி கேட்டார்கள். எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த கனிமப் பரிசோதனைக் கூடம் கொட்டாஞ்சேனையில், துறைமுகத்தைப் பார்த்து நின்ற ஒரு பழைய கட்டடத்தில் இருந்தது. முதல் பத்து வருடங்களை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: கழுவினேன், நிறுத்தேன், எழுதினேன். பெரும்பாலும் பென்சிலுக்குப் போகும் காரீயமும் மைக்காவும். இடையிடையே யாராவது ஆற்றில் பொறுக்கிய படிகக் கல்லைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து, வைரம் என்று எங்களை நம்பவைக்க முயல்வார்கள்.

பொறுப்பதிகாரி திரு. அருளம்பலம். லண்டனில் மண்ணியல் படித்துவிட்டு வந்த யாழ்ப்பாணத்தார். குரலை உயர்த்தியதே இல்லை. சாதாரண வேளைகளில் எங்களை “நீர்” என்பார். கோபம் வந்தால் “நீங்கள்” என்பார். அவருடைய வாயில் மரியாதை கூடக் கூட எங்களுக்கு ஆபத்தும் கூடும்.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. பெயர் கடைசியில் வரவேண்டும். படிவத்தில் பதினொரு கட்டங்கள்: நிறம், பளபளப்பு, முறிவு, கடினம் என்று போய், பதினோராவது கட்டத்தில்தான் பொருளின் பெயர். அதற்கு முன் அந்தப் பெயரை வாயால் சொல்லவும் கூடாது. “பேரைச் சொல்லிப்போட்டுப் பார்த்தீரெண்டால், பேரைத்தான் பார்ப்பீர்” என்பார். ஒப்பிட்டுப் பார்க்கும் பரிசோதனைகளில் இன்னும் ஒரு படி மேலே போனார். வந்த பொருளில் ஒரு துண்டு, எங்கள் இழுப்பறையில் இருக்கும் மாதிரிப் பொருளில் ஒரு துண்டு. இரண்டும் ஒரேவிதமான வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களில். கிண்ணங்களில் எந்த அடையாளமும் இருக்காது. இடப்பக்கம் வைப்பது வந்தது, வலப்பக்கம் வைப்பது எங்களுடையது. அவ்வளவுதான். இந்த முறையைப் பற்றி அவர் வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றுக்குக் கட்டுரைகூட அனுப்பியிருந்தார். அவர்கள் பதில் போடவில்லை.

அவர் பேச்சில் ஒரு மயக்கம் இருந்ததை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு, உலகத்தில் எங்கெங்கோ கிடக்கும் பாறைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். அம்பரைப் பற்றி அவர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. மனிதன் கால் வைக்காத ஒரு காடு. பட்டை வெடித்த மரங்களிலிருந்து பிசின் வடிகிறது. வடிந்த பிசினில் எறும்பு ஒட்டுகிறது, கொசு ஒட்டுகிறது. மரம் விழுகிறது, மண் அரிபடுகிறது, ஆறு பிசின் கட்டிகளை உருட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறது. அது நல்ல தண்ணீரில் தாழும், ஆனால் மெல்லத் தாழும். உப்பைக் கரைத்துக் கெட்டியாக்கிய நீரில் மிதக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட கடல் நீரில், தாழ மனமில்லாத பொருளைப் போல அலைந்து அலைந்துதான் அடிக்குப் போகும்.

“கடலுக்கடியில என்ன நடக்குது தெரியுமோ? ஒண்டும் நடக்கேல்லை. அதுதான் முக்கியம். ஆறு கொண்டுவாற சேறும் எட்டாத இடம். அங்க பச்சை மணி ஒண்டு உண்டாகும். கிளாக்கனைட். கடுகிலும் சின்னன். காட்டில உண்டாகாது, ஆத்தில உண்டாகாது. கடலடியில, ஒருத்தரும் அவசரப்படுத்தாத இடத்தில மட்டும்தான்.”

பால்டிக் கடலின் ஜெர்மன் பக்கமான பிரஷ்யக் கடற்கரையின் அம்பர் இந்தப் பச்சை மணிகள் நிறைந்த நீலக் களியில்தான் கிடைக்கிறது. பர்மா அம்பரும் பழங்கடல் ஒன்றின் ஓரத்துப் படிவுகளில் கிடப்பதுதான். ஆனால் அது பட்ட பாடு வேறு. மலை எழுந்தபோது நசுங்கி வெடித்து, வெடிப்புகளில் சுண்ணாம்பு நீர் இறங்கி, வெள்ளை நரம்புகளாக உறைந்திருக்கும்.

வெள்ளவத்தையிலிருந்து காலை ரயிலில் போகும்போது தண்டவாளத்தின் ஓரமே கடல். ஜன்னலில் தலையைச் சாய்த்து அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி, அதன் அடியில் யாரும் அவசரப்படுத்தாத ஓர் இடம் இருக்கும், அங்கே இப்போதும் ஒரு பச்சை மணி உண்டாகிக்கொண்டிருக்கும் என்று நினைப்பேன். கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி டிராமில் நெரிபடும் வரைக்கும் அந்த நினைவு நிற்கும்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கி ஒரு வருடம் போல் இருக்கும். எதிரி நாட்டுச் சாமான்களைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து முத்திரையிட்ட மரப்பெட்டி ஒன்று வந்தது. உள்ளே நாற்பதுக்குக் கிட்ட அம்பர்க் கட்டிகள். கூட வந்த கடிதத்தில் ஒரே கேள்வி: இவை ஜெர்மனியப் பொருளா, அல்லவா?

பெட்டிக்குச் சொந்தக்காரர் புறக்கோட்டையில், முஸ்லிம்கள் ஓதி எண்ணும் தஸ்பீ மணிமாலை விற்கும் ஸாலிஹ் ஹாஜியார். கொட்டாஞ்சேனையில் எங்கள் கூடத்திலிருந்து நாலு தெரு தள்ளித்தான் வீடு. அறுபது தாண்டிய மனிதர். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. சொந்தக்காரர் முன்னிலையில்தான் பெட்டியின் முத்திரையை உடைக்கவேண்டும் என்பது விதி. ஆகவே வந்திருந்தார். அருளம்பலம் பத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் ஹாஜியார் என் பக்கம் சாய்ந்தார்.

“தம்பி, நீங்களா இதப் பாக்கிறது?”

“நான் பார்க்கிறது. ஐயா கையெழுத்துப் போடுறது.”

“இது ரங்கூன் சாமான். இருவது வரிசமா நான் ரங்கூன்ல இருந்துதான் எடுக்கிறேன். அல்லாட காவலா.”

“அப்ப அதை அவையளிட்டச் சொல்லியிருக்கலாமே, ஹாஜியார்.”

“சொன்னேனே! சொன்ன ஒடனே அந்தத் தொர ஏன்ட நோட்டீச எடுத்து மேசையில வெச்சாரு.”

அந்த நோட்டீசின் பிரதி கடிதத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்தது. ‘அசல் ஜெர்மன் அம்பர் தஸ்பீக்கள் எங்களிடம் மட்டும்.’ ‘மட்டும்’ என்பதன் கீழே தடித்த கோடு.

“‘அன்டைக்கிப் பொய் சொன்னியா, இன்டைக்கிப் பொய் சொல்றியா’ என்டு கேக்கிறாரு. நான் என்னத்த சொல்ல? ஜெர்மன் என்டாத்தான் சனம் கையில எடுக்கும். பர்மா என்டா அரிசியோட வந்ததா என்டு கேப்பாங்க. ஊரு முழுக்க எல்லாரும் அப்பிடித்தான் போடுறாங்க, தம்பி. நானும் போட்டேன்.”

சங்கதி இதுதான். ஜெர்மன் என்று நாங்கள் எழுதினால் பெட்டி பறிமுதலாகும். எதிரியோடு வியாபாரம் செய்தார் என்று வழக்கு வரும். அந்த நாட்களில் அந்த வழக்கில் சிறையைத் தவிர வேறு முடிவு நான் கேள்விப்பட்டதில்லை. பர்மா என்று எழுதினால் அவர் வீட்டுக்குப் போகலாம். இருபது வருடம் ஊரை ஏமாற்றியவர் என்று அரசாங்கம் கொடுத்த சான்றிதழோடு.

அவர் போனபின் வேலையைத் தொடங்கினேன். நடுத்தரமான ஒரு கட்டியை எடுத்துப் பத்துக் கட்டங்களையும் நிரப்பினேன். நிறம், கறுப்புத் தேநீர். முறிவு, சங்கின் உட்புறம் போல. குறுக்கே வெள்ளை நரம்புகள் மூன்று. கம்பளித் துணியில் தேய்த்தால் காகிதத் துணுக்குகளைப் பிடித்தது. ஈதர் ஒரு துளி விட்டால் ஒட்டவில்லை. ஆகவே இளம் பிசின் அல்ல, நிலத்தடியில் முதிர்ந்ததுதான். ஏன் நேரத்தை வீணாக்குகிறோம், வெள்ளை நரம்பு போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. நரம்பைப் பார்த்து ஒருவரைச் சிறைக்கு அனுப்பவும் முடியாது, விடவும் முடியாது. அதற்குத் தீயில் வாட்டவேண்டும்.

ஒரு துண்டு உடைத்து இடப்பக்கக் கிண்ணத்தில் வைத்தேன். எங்கள் இழுப்பறையிலிருந்த பிரஷ்ய மாதிரியிலும் ஒரு துண்டு உடைத்து வலப்பக்கம் வைத்தேன். அந்த நேரம் பார்த்து மழை. துறைமுகப் பக்கத்து ஜன்னலால் சாரல் மேசைக்கே வந்தது. இரண்டு கிண்ணங்களையும் இரு கைகளில் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி ஜன்னலடிக்குப் போய், கை ஒழியாததால் முழங்கையால் ஜன்னலைச் சாத்திவிட்டு, மேசையின் மறுபக்கத்தில் நின்றபடியே கிண்ணங்களை இறக்கி வைத்தேன். இடது கையில் இருந்தது என் இடப்பக்கம். வலது கையில் இருந்தது என் வலப்பக்கம். எல்லாம் ஒழுங்கு. பிறகு சுற்றி வந்து என் கதிரையில் உட்கார்ந்தேன்.

இந்தப் பழியைப் பியூன் மேல் போட்டிருக்கலாம். துரதிர்ஷ்டவசமாக அன்று அவனுக்கு லீவு.

தீயில் வாட்டும் முறை எளிது. துண்டைப் பொடியாக்கி, அடி தடித்த சோதனைக் குழாயில் போட்டு, ஸ்பிரிட் விளக்கில் மெல்லச் சூடாக்கவேண்டும். பொடி உருகும், பொங்கும், வெள்ளைப் புகை எழும். பிரஷ்ய அம்பரென்றால் அந்தப் புகை தொண்டையைக் கிள்ளும். குழாயின் குளிர்ந்த கழுத்தில் ஊசி ஊசியாக வெள்ளைப் படிகம் படியும். அது சக்சினிக் அமிலம். பர்மா அம்பரில் அது அநேகமாக வராது, வந்தாலும் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். மறந்துபோன ஒரு காட்டின் வாசனை மட்டும் அறை முழுக்க நிற்கும்.

இடப்பக்கத்துத் துண்டில் படிகம் வந்தது. நன்றாக வந்தது. அருளம்பலம் வந்து, குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, இருமினார். வலப்பக்கத்தில் படிகம் வரவில்லை. எங்கள் சொந்த மாதிரியில் படிகம் வராததைக் கண்டு நாங்கள் இருவரும் திடுக்கிட்டிருக்கவேண்டும். அவர் திடுக்கிடவில்லை. “பழசு. இழுப்பறையில கிடந்து கெட்டுப்போச்சு” என்றார். கடலடியில் கோடிக்கணக்கான வருடம் கிடந்து கெடாத பொருள் எங்கள் இழுப்பறையில் பதினைந்து வருடத்தில் கெட்டுப்போனதாக இரண்டு படித்த மனிதர்கள் நம்பினோம். பதினோராவது கட்டத்தில் பெயரை எழுதினேன். அவர் கையெழுத்திட்டார். உறை ஒட்டப்பட்டு, மூன்றரை மணித் தபால் பைக்குப் போனது.

சாப்பிட்டு வந்தபின் மேசையைத் துப்புரவாக்கினேன். எரித்ததுபோக மிஞ்சிய துணுக்குகளை உரிய உறைகளில் திருப்பிப் போடவேண்டும். இடப்பக்கத்துத் துணுக்கைச் சாவணத்தால் எடுத்தபோது, அதன் மேல்தோலில் ஏதோ மினுங்கியது. உருவைப் பெருக்கிக் காட்டும் கைவில்லையை எடுத்தேன்.

பச்சை மணி. ஒன்றல்ல, ஒரு மடிப்புக்குள் நாலைந்து. அருகே சிப்பி ஒன்று ஒட்டியிருந்து கழன்ற தடம், குழந்தையின் நகக்கண் அளவில்.

மழை விட்டு வெளியே வெயில் எறித்தது. வில்லைக்குள் மஞ்சள் வெளிச்சம். அந்த வெளிச்சத்தின் அடியில், யாரும் அவசரப்படுத்தாத இடத்தின் மணிகள். அரை நிமிடமா ஐந்து நிமிடமா தெரியாது, அந்தக் கடலுக்குள் இருந்தேன். பிறகு வலப்பக்கத்துத் துணுக்கை எடுத்துப் பார்த்தேன். கறுப்புத் தேநீர் நிறம். குறுக்கே வெள்ளை நரம்பு. காலையில் என் கையாலேயே ஹாஜியாரின் கட்டிக்கு எழுதிய வர்ணனை, எழுத்துக்கெழுத்து.

மழையும் ஜன்னலும் ஞாபகம் வந்தன. மேசையின் மறுபக்கம் நின்று வைத்தவனுடைய இடப்பக்கம், உட்கார்ந்திருப்பவனுக்கு வலப்பக்கம்.

மணி இரண்டே கால். அருளம்பலத்தின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

“நீங்கள் இருங்கோ” என்றார்.

இருந்தேன்.

“இதுவரைக்கும் நான் ஒரு அறிக்கையும் திருப்பி எடுத்ததில்லை. உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும், சேர்.”

“உங்களிட்ட இருக்கிறது ஒரு பச்சை மணி. கிண்ணத்தில பேர் இல்லை. மாறினதை நீங்கள் காணேல்லை, இப்பதான் நினைக்கிறீங்கள். மணியைக் காட்டி நான் அந்த வெள்ளைக்காரனிட்ட என்னெண்டு சொல்றது?”

“கிண்ணத்தில பேர் எழுதியிருந்தால் மாறியிருக்காது, சேர்.”

சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. 

“அது நான் வைச்ச முறை” என்றார். “மற்றப் பிழை உம்முடையது. பையை நிப்பாட்டும்.”

‘உம்முடையது’ என்றாரே, அந்த ‘உம்’மைக் கேட்டு மூச்சு வந்தது.

பையை நிறுத்துவது லேசில்லை. ஒட்டிய உறையைத் திருப்பித் தரமாட்டேன் என்று தபால் எழுதுநர் நின்றார். அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது, அது இல்லாமல் முடியாது என்றார். படிவம் இருந்தது உண்மை. கட்டடத்தில் யாரும் அதைப் பாவித்ததில்லை, ஆகவே எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அலுமாரியின் அடித்தட்டில், கரப்பான் அரித்த கட்டு ஒன்றில் கண்டெடுத்தேன். மூன்று இருபதுக்கு உறை என் கையில்.

மறுபடி பரிசோதிக்கப் புதிய கட்டி உடைக்கவேண்டும். உடைப்பதற்குச் சொந்தக்காரர் வரவேண்டும், கட்டியை அவரே தெரிந்தெடுக்கவேண்டும். ஹாஜியாருக்கு ஆள் அனுப்பினோம். நாலு மணிக்கு வந்தார். தனியே வர மனமில்லாமல், மகளைக் கொடுத்த சம்பந்தியையும் துணைக்குக் கூட்டிவந்திருந்தார். சம்பந்தி, தலையில் தொப்பியோடு, வெளி விறாந்தையில் வாங்கிலில் அமர்ந்துகொண்டார். ஹாஜியார் மட்டும் உள்ளே வந்தார். ஏன் கூப்பிட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

“ஒண்டு தெரியுங்கோ, ஹாஜியார். உடைச்சு எரிக்கப்போறம். சின்னனாய்ப் பார்த்துத் தெரியலாம்” என்றார் அருளம்பலம்.

ஹாஜியார் பெட்டியைக் கிளறி, எல்லாவற்றிலும் பெரிய, எல்லாவற்றிலும் தெளிந்த கட்டியை எடுத்து வைத்தார்.

“இது வேண்டாமே” என்றேன் என்னையறியாமல்.

“சின்னத எரிச்சா, பெரிசு வேற சாமான் என்டு பொறகு சொல்வாங்க, தம்பி. இதையே எரிங்க.”

இம்முறை கிண்ணங்களில் பென்சிலால் எழுதினோம். எழுதியவர் அருளம்பலம். மூன்று பேரும் விளக்கைச் சுற்றிக் குனிந்தோம். பிரஷ்ய மாதிரியில் படிகம் ஊசி ஊசியாக ஏறியது. அது கெட்டுப்போகவில்லை. ஹாஜியாரின் துண்டு உருகியது, பொங்கியது, வெள்ளையாகப் புகைந்தது. குழாயின் கழுத்தை நான் வில்லையால் பார்த்தேன், அருளம்பலம் பார்த்தார், கேட்காமலே ஹாஜியாரிடமும் வில்லையைக் கொடுத்தார். கழுத்தில் பழுப்பு நிற எண்ணெய் ஈரம் மட்டும். ஒரு படிகமும் இல்லை. அறையில் அந்தக் காட்டு வாசனை வந்து நின்றது. யாரும் இருமவில்லை.

“பர்மா” என்றார் அருளம்பலம்.

ஹாஜியார் கதிரையில் உட்கார்ந்தார். உதடு அசைந்தது. ஓதினார் என்று நினைக்கிறேன்.

“நீர் சொல்லும்” என்று அருளம்பலம் என்னைப் பார்த்தார்.

சொன்னேன். “ஹாஜியார், காலமை உங்கட துண்டையும் எங்கட துண்டையும் நான் மாத்திப்போட்டன். உங்கட சாமான் ஜெர்மன் எண்டு எழுதி, ஐயா கையெழுத்தும் வைச்சு, உறையும் ஒட்டியாச்சு. போகேக்கை நிப்பாட்டினது. பிழை என்ர.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

“அப்ப,” என்றார், “ஏன்ட சாமான் ஜெர்மன் என்டு இன்டைக்கி கவருமென்டே நம்பி இரிக்கி.”

“அரை நாள்” என்றார் அருளம்பலம்.

ஹாஜியார் சிரித்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு முடிந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேசையில் கிடந்த இரண்டு தாள்களையும் பார்த்தார். ஒன்று காலையில் எழுதியது, குறுக்கே சிவப்புக் கோடு கீறப்பட்டது. மற்றது மை காயாதது. சிவப்புக் கோட்டுத் தாளை விரலால் தொட்டார். “இதத் தர ஏலாதா, தொர?”

“ஏலாது. அது எங்கட கோவைக்குப் போகும்.” அது என் சொந்த உத்தியோகக் கோப்புக்கும் போனது. என் பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது. நியாயம்தான். அருளம்பலம் தன் முறையைப் பற்றியும் அதில் ஒரு வரி எழுதியிருந்தார் என்று பிறகு அறிந்தேன். அதனால் அவருக்கு என்ன தள்ளிப்போனது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

“சரி. அப்ப இத வாசிச்சுச் சொல்லுங்க, தம்பி. எனக்கி இங்கிலீசு தெரியா.”

புதிய தாளைக் கையில் எடுத்துத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். இரண்டு வரி போயிருக்கும். அவர் கையை உயர்த்தினார்.

“கொஞ்சம் மெல்ல, தம்பி. வெளியில சம்பந்தி இரிக்கிறாரு. மகள்ட கலியாணத்துக்கு அவருக்கு நான் குடுத்ததும் ஜெர்மன் தஸ்பீதான்.”

நான் குரலைத் தாழ்த்தினேன். அருளம்பலம் எழுந்து போய்க் கதவைச் சாத்தப் பார்த்தார். கதவு பாதி சாத்தியபோது ஹாஜியாரும் எழுந்தார். அருளம்பலத்தின் கையிலிருந்து கதவை மெதுவாக வாங்கி, அகலத் திறந்தார்.

“மச்சான், உள்ளுக்கு வாங்க.”

சம்பந்தி தொப்பியைச் சரிசெய்துகொண்டே பயந்து வந்தார். “என்ன மச்சான், என்ன சொல்றாங்க? பிரச்சினையா?”

ஹாஜியார் அவரைத் தன் கதிரையில் இருத்தினார். தான் சுவரோரமாகப் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“மொதல்ல இருந்து வாசிங்க, தம்பி,” என்றார். “சத்தமா.”